ஒட்டு மா

சித்திரை, வைகாசித் திங்களில் நாம் சுவைக்கும் அல்போன்சாவும் மல்கோவாவும் பெரும்பாலும் ஒட்டு மரங்களின் கனிகளே. நல்ல மாங்கனியின் கொட்டையை ஊன்றினால் தாய்மரத்தின் சுவை அப்படியே கிட்டுவதில்லை. ஆகவேதான் ஒட்டுக்கட்டுதல் தேவையாயிற்று.

இக்கலை நம் நாட்டிற்கு முற்றிலும் புதியதன்று. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் சம்கிதையில் மரங்களை ஒட்டுவது பற்றிக் கூறியுள்ளார். ஆயினும், 1510இல் கோவாவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியரின் காலத்தில்தான் ஒட்டு மா அங்கே பெருகியது. அதில் இயேசு சபைத் துறவியருக்குச் சிறப்பான பங்குண்டு என்பது வரலாற்று மரபு. கொடுத்தவர்கள் பெறவும் செய்தார்கள்: தமிழிலும் மலையாளத்திலும் வழங்கிய 'மாங்காய்' அவர்கள் நாவில் 'மங்கா'வாகி, உலக மொழிகள் பலவற்றுள் நுழைந்தது.

நெருக்கு ஒட்டு முறையைச் சற்று நோக்குவோம். தொட்டியில் வளர்ந்த வேர்ச்செடியைத் தாய்மரத்தின் அருகே கொண்டுசெல்வர். செடியின் தண்டிலும் தாய்மரக் கிளையிலும் பட்டையைச் சீவி, காயத்தோடு காயம் பொருந்தக் கட்டுவர். இரண்டும் கூடுவதற்கு இரண்டு மூன்று திங்களாகும். அதன்பின்னரே கிளையைத் தாய்மரத்திலிருந்து அறுப்பர். வேர்ச்செடியின் தலையையும் வெட்டுவர். ஒரு பக்கம் மட்டும் காயப்பட்டால் ஒட்டு பிடிப்பதில்லை.

உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்தில், பிற இனத்தாரைக் காட்டு ஒலிவக் கிளைக்கு ஒப்பிடும் தூய பவுல், ஒட்டப்பட்ட கிளை பெருமை பாராட்டலாகாது என எச்சரிக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் மதுரை மறைப்பணியாளர் வழியே நற்செய்தியைப் பெற்ற கொங்கு நாட்டுத் திருச்சபையும் அவ்வாறு ஒட்டப்பட்டதே. அதை நாம் மறந்துவிடுகிறோம்.

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலை நாடி ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் மாநிலங்களிலிருந்து வந்தோர் இன்று ஊத்துக்குளிப் பகுதியிலும் நம் அண்டை வீட்டார். அவர்களுள் நம் விசுவாசத்தைப் பகிர்வோரும் உண்டு. திருப்பலியில் பின்வரிசையில் நிற்கும் அச்சகோதரரை, ஆண்டுகள் பல கடந்தும், 'வடக்கத்தி ஆள்' என்றே சுட்டுகிறோம். அவருடைய பெயரைக் கேட்டோமா? அன்பியக் கூட்டத்திற்கு அழைத்தோமா? அவர் மொழியில் ஒரு மன்றாட்டுக்கேனும் இடம் தந்தோமா?

ஊரையும் உறவையும் பிரிந்து அவர்கள் காயப்பட்டே வந்திருக்கிறார்கள். நம் பட்டைதான் இன்னும் சீவப்படவில்லை.