கோளரங்கம் எதற்காகப் பிறந்தது

ஜெர்மனியின் மியூனிக் நகரில் டாய்ச்சஸ் மியூசியம் என்ற அறிவியல் அருங்காட்சியகத்தை நிறுவிய ஆஸ்கர் ஃபான் மில்லர், வானத்தின் இயக்கத்தை எளிய மக்களும் கண்ணாரக் காண வேண்டும் என்று விரும்பி, ஜேனா நகரின் கார்ல் சைஸ் நிறுவனத்தை நாடினார். ஆட்கள் உள்ளே நின்று பார்க்கும் சுழல் கோளம், அதன் துளைகளில் கசியும் ஒளியே விண்மீன்கள் என்பதுதான் முதலில் எண்ணியது. 1913-இல் சிகாகோவில் அப்படி ஒன்று அமைந்தும் இருந்தது. 15 அடிக் குறுக்களவு, 692 துளைகள். அதற்குள் ஒரு வகுப்பு முழுவதும் அமர இடம் ஏது? முதல் உலகப் போருக்குப் பின் சைஸ் பொறியாளர் வால்டர் பாவர்ஸ்ஃபெல்ட், கூரை அசையாமல் நிற்கட்டும், நடுவிலிருந்து பாயும் ஒளி நகரட்டும் என்று கணக்கையே மாற்றிப் போட்டார். 1923 அக்டோபரில் மியூனிக்கில் இயங்கிக் காட்டிய கருவி சுமார் 4,500 விண்மீன்களைக் கூரையில் பதித்தது.

அந்தக் கருவியின் பெருமை விண்மீன்களின் எண்ணிக்கையைவிட, அதன் பற்சக்கரங்கள் காலத்தைச் சுருக்கியதில்தான் இருக்கிறது என்பேன். செவ்வாய் விண்மீன்களிடையே கிழக்கு நோக்கி நகரும்; ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை தயங்கி நின்று, இரண்டு மாதங்களுக்கு மேல் பின்னோக்கிச் சென்று, மறுபடி திரும்பும். தாலமி வட்டத்தின்மேல் வட்டம் வரைந்ததும், 1543-இல் வெளிவந்த நூலில் கோப்பர்னிக்கஸ் சூரியனை நடுவில் வைத்து எளிய விளக்கம் தந்ததும் இந்தப் புதிருக்காகவும்தான். நம் மாணவர்களோ புதிரைப் பார்க்காமலே விடையை மனப்பாடம் செய்கிறார்கள். கோளரங்கத்தில் அந்தப் பின்னடைவு சில நிமிடங்களில் தலைக்கு மேல் நடந்து முடியும்.

மொட்டைமாடி இருக்கக் கூரை வானம் எதற்கு என்று கேட்கலாம். மாடி கட்டாயம் வேண்டும். ஆனால் மாதக்கணக்கில் நீளும் நகர்வை ஓரிரவில் அது காட்டாது, நகர வெளிச்சமோ மங்கலான விண்மீன்களை விழுங்கிவிடுகிறது. இன்னொரு மறுப்பு வலுவானது: இன்றைய டிஜிட்டல் அரங்குகள் அண்டங்களுக்கிடையே பறக்க வைக்கும்போது, வெறுங்கண்ணுக்குத் தெரியும் வானம் பழைய சரக்கல்லவா? அண்டங்களின் பிரம்மாண்டத்தை மாணவர் உணர்வது நல்லதே. ஆனால் அண்டங்களின் படங்கள் கைபேசியிலும் கிடைக்கின்றன. தன் ஊரின் வானமே ஓராண்டு நகர்வதை அண்ணாந்து பார்க்க அரைக்கோளம்தான் வேண்டும். டிஜிட்டல் கருவிக்கும் அது எளிய வேலை.

கொல்கத்தாவில் 1962-இலும், கொழும்பில் 1965-இலும், சென்னை கோட்டூர்புரத்தில் 1988-இலும் கோளரங்கங்கள் வந்தன. அவற்றை நடத்துவோர் ஒவ்வொரு பள்ளிக் காட்சியிலும் பத்து நிமிடமாவது செவ்வாயைப் பின்னோக்கி நடக்கவிட வேண்டும். காரணத்தை உடனே சொல்லாமல், மாணவர்களிடமே முதலில் கேட்க வேண்டும்.