கணவர் மஞ்சள் கடுதாசி கொடுத்தால் மனைவியின் சொத்து என்னவாகும்?

வியாபாரம் நொடித்து, கடனை அடைக்க வழியில்லை என்று கணவர் நீதிமன்றத்தில் மனுக் கொடுத்துவிடுகிறார். தமிழகத்தில் இதை ‘ஐ.பி. கொடுத்துவிட்டார்’, ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்’ என்பார்கள். மறுநாளே கடன் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். மனைவியின் நகை, வாப்பா வீட்டிலிருந்து வாரிசுப் பங்காக வந்த மனை, அவர் பெயரிலுள்ள வங்கிப் பணம் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. நிகாஹ் நடந்ததால் இருவர் சொத்தும் ஒன்றாகிவிடுவதில்லை என்பதுதான் ஷரீஅத்தின் நிலை. மனைவியின் பொருள் மனைவிக்கே உரியது. இந்தியச் சட்டமும் இதே வழியில்தான் செல்கிறது. சென்னைக்கு 1909 ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டமும், மற்ற மாவட்டங்களுக்கு 1920 ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமும் பொருந்தும். இவற்றின்படி நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர் கையில் எடுப்பது நொடித்தவரின் சொத்தை மட்டுமே. வீடு இருவர் பெயரிலும் இருந்தால் கணவரின் பங்குதான் போகும். 1920 சட்டத்தின் கீழ் நடக்கும் வழக்கில் ரிசீவர் தவறுதலாக மனைவியின் சொத்தில் கை வைத்தால், 21 நாட்களுக்குள் அதே நீதிமன்றத்தில் முறையிடலாம்.

ஆனால் இந்தப் பாதுகாப்பை ஒரு கையெழுத்து உடைத்துவிடும். கணவர் வாங்கிய கடனுக்கு மனைவி ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 128 ஆவது பிரிவின்படி, கடன் வாங்கியவருக்குள்ள அதே அளவு பொறுப்பு அவருக்கும் உண்டு. கணவர் நொடித்துப்போனார் என்பதால் ஜாமீன் நீங்காது. வங்கி அடுத்து வருவது மனைவியிடம்தான். இருவரும் சேர்ந்து வாங்கிய கடனும் அப்படியே. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களை 2019 டிசம்பர் 1 முதல் 2016 ஆம் ஆண்டின் திவால் சட்டத்தின் கீழும் கொண்டுபோக முடியும். ‘சும்மா ஒரு கையெழுத்துதானே’ என்று நீட்டப்படும் தாளைப் படிக்காமல் எந்தச் சகோதரியும் பேனாவைத் தொடக்கூடாது.

கடன் முற்றும் நேரத்தில் வீட்டை அவசரமாக மனைவி பெயருக்கு ஹிபா எழுதி வைப்பவர்களும் இருக்கிறார்கள். இது பலிக்காது. எழுதிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கலாகும் நொடிப்பு மனுவில் கணவர் நொடித்தவர் என அறிவிக்கப்பட்டால், அந்த ஹிபாவை நீதிமன்றம் ரத்து செய்யலாம். அடுத்தவர் பணத்தைத் தராமலிருக்கச் செய்யும் தந்திரம் மார்க்கத்திலும் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பல குடும்பங்கள் கவனிக்கத் தவறும் விஷயம் வேறு. கணவருக்குக் கடன் கொடுத்தவர்களில் மனைவியும் ஒருவராக இருக்கலாம். கொடுக்கப்படாத மஹர் கணவர் மீதுள்ள கடன். அடமானமில்லாத மற்றக் கடன்களோடு அதுவும் ஒன்றாக நிற்கும். அவற்றுக்கு முந்தி நிற்காது. பிற்படுத்தப்பட்ட மஹரானாலும், எதிர்காலக் கடன்களையும் சட்டம் கணக்கில் சேர்ப்பதால், ரிசீவரிடம் கோரிக்கை வைக்கலாம். நம் ஊர்களில் மஹர் பெரும்பாலும் சிறு தொகைதான். பெரிய தொகை நகையில் இருக்கிறது. கடை திறக்க, சரக்கு எடுக்க, விசாவுக்கு என்று கழற்றிக் கொடுத்த நகை அன்பளிப்பா, கடனா? மனம் விரும்பி விட்டுக்கொடுத்திருந்தால் முடிந்தது. திருப்பித் தருவேன் என்று வாங்கியிருந்தால் அது கடன். ஆனால் அதற்குச் சாட்சி யார்? கடனை எழுதி வைக்கச் சொல்லும் குர்ஆன் வசனம் (2:282) கணவன், மனைவிக்கு விலக்குத் தரவில்லை. நகையின் எடை, தேதி, விற்றதா அடகு வைத்ததா என்ற விவரங்களோடு ஒரு தாள் இருந்தால், சத்தியப் பிரமாண வாக்குமூலத்துடன் அவரும் தன் பங்கைக் கேட்கலாம். மனைவியின் நகை கணவரின் கடனுக்காக வங்கியில் அடகில் இருந்தால், அதன் மீது முதல் உரிமை வங்கிக்குத்தான்.

உடுத்தும் துணி, சமையல் பாத்திரங்கள், படுக்கை ஆகியவற்றில் தேவையானவற்றை ஜப்தி செய்ய முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60 ஆவது பிரிவு இதைச் சொல்கிறது.

மனைவிக்கு வசதி இருந்து, அவரே விரும்பி உதவினால் அது தனி நன்மை. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) தம் கணவருக்குத் தர்மம் கொடுப்பது பற்றிக் கேட்டபோது, அதற்கு இரட்டைக் கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. இதை வைத்து, கடனில் மூழ்கிய கணவருக்கு மனைவி தன் ஜகாத்தையே கொடுக்கலாம் என்கிறது ஷாஃபிஈ மத்ஹப். இமாம் அபூஹனீஃபா கூடாது என்றார். அவருடைய மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் கூடும் என்றார்கள். கணவரின் சகோதரர்களும் ஊர் ஜமாஅத்தும் ஜகாத் கொடுப்பதில் இந்தக் கருத்து வேறுபாடு இல்லை. ஜகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரில் கடனாளிகளும் இருக்கிறார்கள் (9:60).