பல்லாவரத்துச் செம்மண்ணும் ஏற்காட்டு நினைவிடமும்

காட்டாங்குளத்தூரிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டி, தாம்பரத்தைக் கடந்த சிறிது நேரத்தில் பல்லாவரத்தை அடைகிறது. நாள்தோறும் இவ்வழியே செல்லும் பல்லாயிரவருள், இந்தியத் தொல்பழங்கால ஆய்வு இவ்வூர்ச் செம்மண் குழியொன்றில்தான் தொடங்கிற்று என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அதனைத் தொடங்கி வைத்தவர் இராபர்ட் புரூஸ் ஃபுட்.

1834ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த அவர், 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். அறையில் அமர்ந்து செய்யும் பணியன்று அது. கூடாரமடித்துத் தங்கி, குன்றும் ஆற்றுப்படுகையும் தேரிக்காடும் கால் நோக நடந்து, நிலத்தின் அமைப்பை வரைபடமாக எழுத வேண்டும். 1891இல் ஓய்வு பெறும் வரை அதனைச் செய்தார். அதன் பின்னும் ஓய்ந்தாரல்லர். பரோடா, மைசூர் அரசுகளுக்காக மீண்டும் வெளியில் நடந்தார்.

1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் சரளை வெட்டியெடுத்த குழியில் மனிதர் செதுக்கிய கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்பாரோடு அத்திரம்பாக்கம் சென்று, மேலும் பல கருவிகளைக் கண்டார். அத்திரம்பாக்கத்துக் கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மை உடையவை எனப் பிற்கால ஆய்வாளர் 2011இல் வெளியிட்டனர்.

ஃபுட்டின் மனைவி எலிசபெத் ஆன், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய அதே பெர்சிவல்தான். பிற்காலத்தில் சென்னைக்கு வந்து, தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி நூலாக்கியவரும் அவரே. உலகம் தோன்றி ஆறாயிரம் ஆண்டுகளே ஆயின என்று கிறித்தவர் பலர் உறுதியாக நம்பிய காலம் அது. உற்சர்ப்பிணி, அவசர்ப்பிணி என்று எண்ணற்கரிய காலத்தைச் சக்கரமாக வகுத்த சமணருக்கு மனித குலத்தின் தொன்மை வியப்பளிக்கும் செய்தியன்று. பாதிரியார் வீட்டு மருமகனுக்கோ அது எளிய செய்தியாக இருந்திருக்க இயலாது. எனினும் அவர் தேடலைக் கைவிடவில்லை. கிறித்தவ ஆலயத்தையும் துறந்தாரல்லர். இவ்விரண்டும் ஒருவர் வாழ்வில் ஒருங்கே நின்றமைதான், அவர் கண்டெடுத்த கற்களினும் அரிய செய்தி.

குடும்பத்தையும் அவர் தம் பணியிலிருந்து பிரித்து வைக்கவில்லை. கர்நூல் பகுதியிலுள்ள பில்லசுர்கம் குகைகளில் 1884இல் அகழாய்வு தொடர்ந்தபோது, களத்தில் நின்று தோண்டியவர் படை அலுவலராயிருந்த மகன் ஹென்றி. தந்தை அறிவு வழியில் முன் செல்ல, மகன் மண்வெட்டியோடு உடன் நடந்தார் எனலாம். இத்தகைய பேறு தந்தையர் எத்தனை பேருக்கு வாய்க்கிறது?

வாழ்நாள் முழுதும் திரட்டிய தொல்பொருள்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவற்றின் விளக்கப் பட்டியலை அச்சில் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1912 டிசம்பர் 29 அன்று அவர் மறைந்தார். பட்டியல் 1914இல் வெளிவந்தது.

பிற்காலத்தில் அவர் இல்லம் அமைத்துக்கொண்டது ஏற்காட்டு மலையில். மாமனார் பெர்சிவல் 1882இல் உயிர் நீத்ததும் அங்கேதான். அவ்வூர் ஹோலி டிரினிட்டி ஆலயத்தில், மரநிழலும் மலைக்காற்றும் சூழ, ஃபுட்டின் நினைவிடம் இன்றும் உள்ளது.