ஒருவேளை

'ஒரு வேளைச் சாப்பாடு' என்றால் கணக்கு தெளிவு: ஒரே ஒரு முறை. 'ஒருவேளை வருவார்' என்றால் எந்தக் கணக்கும் இல்லை. வரலாம், வராமலும் போகலாம். காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வேளை என்பது வடமொழி 'வேலா'வின் தமிழ் வடிவம். பொழுது என்று பொருள். 'ஏதோ ஒரு பொழுதில் நடக்கும்' என்பதே 'நடந்தாலும் நடக்கும்' என்று நெகிழ்ந்திருக்க வேண்டும். பொழுதைக் குறிக்கும் 'கால்' சேர்ந்த 'ஒருக்கால்' என்ற சொல்லுக்கும் 'ஒரு முறை', 'ஒருவேளை' என இரு பொருளும் உண்டு. யாழ்ப்பாணத்தில் 'ஒருக்கா வந்திட்டுப் போங்கோ' என்னும்போது முதல் பொருள் நிற்கிறது.

பேச்சில் 'ஒருவேளை' இல்லாமலே ஐயத்தின் அளவைக் காட்ட வினைமுடிவே போதும். மேகம் கறுத்தால் 'மழை வரும்போல இருக்கு'. வெறும் ஊகம் என்றால் 'வரலாம்'. நம்பிக்கை தேய்ந்தால் 'வந்தாலும் வரும்'.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஐயம் என்றால் சேர்த்து எழுதுங்கள், சாப்பாடு என்றால் பிரித்து எழுதுங்கள். குழப்பம் வராது.