50 பவுண்டில் போன உரிமை

எஃகு எப்படி மலிவாச்சுங்கிற கதைதான் இன்னிக்கு.

1856 ஆகஸ்டில், இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாம் நகரில் ஹென்றி பெஸ்ஸமர் என்ற பொறியாளர் ஒரு கட்டுரை வாசித்தார். உருகிய வார்ப்பிரும்புக்குள் காற்றை ஊதினால், அதிலுள்ள சிலிக்கானும் கார்பனும் எரியும். அந்தச் சூடே இரும்பை உருகிய நிலையில் வைத்திருக்கும். தனியா எரிபொருளே வேண்டாம்! ஆலைக்காரர்கள் ஓடிவந்து உரிமம் வாங்கினாங்க, கையையும் சுட்டுக்கிட்டாங்க. வந்த உலோகம் நொறுங்கிப் போச்சு. காரணம் இரண்டு: தாதுவிலிருந்த பாஸ்பரஸ், ஊதிய காற்றால் உள்ளே தங்கிய ஆக்சிஜன்.

பாஸ்பரஸ் குறைந்த தாதுவைத் தேடிப் பிடித்து முதல் சிக்கலை பெஸ்ஸமர் தாண்டினார். இரண்டாவதுக்கு வழி கண்டவர் ராபர்ட் மஷெட். மாங்கனீசும் கார்பனும் கலந்த இரும்பைக் கடைசியில் சேர்த்தார். மாங்கனீசு ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். எரிந்துபோன கார்பனும் வேண்டிய அளவு திரும்பக் கிடைக்கும். 1857இல் டெர்பி ரயில் நிலையத்தில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரும்புத் தண்டவாளத்தை மாற்றிவந்த இடத்தில் அவருடைய எஃகுத் தண்டவாளத்தைப் போட்டாங்க. அது 16 ஆண்டுகள் தாங்கியது.

ஆனா 1859இல் 50 பவுண்டு முத்திரைக் கட்டணம் கட்டாததால் மஷெட்டின் காப்புரிமை காலாவதியாச்சு. குடும்பம் நொடிந்தது. 1866இல் அவருடைய 16 வயது மகள் மேரி தனியாக லண்டன் போய் பெஸ்ஸமரையே பார்த்துக் கேட்டார். அதன்பின் பெஸ்ஸமர் ஆண்டுக்கு 300 பவுண்டு கொடுத்துவந்தார்.

பணம் வந்துச்சு. பெயர்? அந்த முறைக்கு இன்னிக்கும் பெஸ்ஸமர் முறைன்னுதான் பெயர். அதனாலதான் மஷெட் பெயரையும் உங்ககிட்ட சொல்லணும்னு எனக்குத் தோணுச்சு.