நாய்க்கு வலிப்பு மாத்திரை... பக்க விளைவுக்குப் பயந்து பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்?

ராத்திரி 2 மணி. ஹாலில் தூங்கிக்கொண்டிருந்த நாய் திடீரென விறைத்து, ஒருபக்கமாகச் சாய்ந்து, நான்கு கால்களையும் நீச்சலடிப்பது போல உதறுகிறது. வாயில் நுரை, தரையில் சிறுநீர். ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது அரை மணி நேரம் மாதிரி இருக்கும்.

இது இரண்டு, மூன்று முறை வந்தபிறகு கால்நடை மருத்துவர் மாத்திரை எழுதித் தருவார். பத்தே நாளில், "எப்பவும் மந்தமா கிடக்கு, இது நம்ம நாயே இல்ல" என்று சிலர் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். வலிப்பை விட ஆபத்தான கட்டம் இதுதான். ஏன்?

வலிப்பு வரும்போது என்ன செய்யணும்?

முதல் வேலை, கடிகாரத்தைப் பார்ப்பது. 5 நிமிடத்தைத் தாண்டினால், அல்லது 24 மணி நேரத்துக்குள் இரண்டு முறைக்கு மேல் வந்தால், அது அவசர சிகிச்சை. உடல் சூடு ஏறி மூளை பாதிக்கப்படலாம், உயிரும் போகலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

வாய்க்குள் கையோ கரண்டியோ விடக் கூடாது. நாய் நாக்கை விழுங்காது. ஆனால் தன்னை அறியாமல் விரலைக் கடித்துவிடும். மனிதர்களுக்கே பலன் தராத இரும்புச் சாவி வைத்தியம் நாய்க்கும் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் நாற்காலி, டீப்பாயை நகர்த்துங்கள். மாடிப்படி ஓரமாக இருந்தால் உருண்டு விழாமல் பாருங்கள். ஃபேனைப் போட்டு, விளக்கைக் குறையுங்கள். கை சும்மா இருந்தால் செல்போனில் வீடியோ எடுங்கள். டாக்டருக்கு நீங்கள் சொல்லும் வர்ணனையைவிட அந்த வீடியோ அதிகம் உதவும்.

அடங்கியபிறகும் கொஞ்ச நேரம் கண் தெரியாதது போல சுவரில் முட்டும், சொந்தக்காரரையே அடையாளம் தெரியாமல் உறுமும். நன்றாகத் தெளிந்தபிறகுதான் தண்ணீர். தெருநாய் என்றாலோ, தடுப்பூசி போடாத நாய் என்றாலோ எச்சில் மேலே படாமல் தள்ளி நில்லுங்கள். ரேபிஸிலும் வலிப்பு வரும்.

எல்லாமே காக்காய் வலிப்பா?

இல்லை. தடுப்பூசி போடாத குட்டி என்றால் டிஸ்டெம்பர் வைரஸ், குட்டி போட்டு பால் கொடுக்கும் சின்ன இன நாய் என்றால் கால்சியம் குறைவு, எலி மருந்து, சாக்லேட் என்று காரணங்கள் நிறைய. உண்ணிக்குத் தரும் மெல்லும் மாத்திரைகளில் ஐசோக்ஸசோலின் வகையைச் சேர்ந்தவை சில நாய்களுக்கு வலிப்பைத் தூண்டலாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2018-லேயே எச்சரித்தது. வலிப்பு உள்ள நாய்க்கு உண்ணி மருந்து வாங்கும்போது இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லணும். 6 மாதம் முதல் 6 வயதுக்குள் முதல் வலிப்பு வந்து, பரிசோதனைகளில் வேறு எதுவும் சிக்கவில்லை என்றால்தான் பரம்பரையாக வரும் காக்காய் வலிப்பு என்ற முடிவுக்கு வருவார்கள்.

முதல் இரண்டு வாரம்தான் சோதனை

நாய்களுக்கு அதிகம் தரப்படுவது ஃபீனோபார்பிட்டால். மனிதர்களுக்கு 1912 முதல் பயன்பாட்டில் இருக்கும் பழைய மருந்து. தினமும் இரண்டு வேளை, 12 மணி நேர இடைவெளியில் தர வேண்டும். ரத்தத்தில் இதன் அளவு நிலைபெறவே சுமார் 2 வாரம் ஆகும். அதுவரை நாய் தள்ளாடும், தூங்கி வழியும். சில நாய்கள் நேர்மாறாக ஓயாமல் அலையும். உடம்பு பழகப் பழக இது பெரும்பாலும் குறைந்துவிடும். மாத்திரையை நிறுத்துகிறவர்கள் சரியாக இந்த இரண்டு வாரத்தில்தான் நிறுத்துகிறார்கள்!

பசி, தாகம், அடிக்கடி சிறுநீர். இவை மட்டும் நீடிக்கலாம். பசி பசின்னு கிச்சனையே சுற்றி வரும் நாய்க்கு பாவம் பார்த்து சாதத்தைக் கூட்டினால் எடை ஏறும். கூடுதல் தீனியாக வேகவைத்த பீன்ஸ், கேரட், வெள்ளரிக்காய் தரலாம். தண்ணீரைக் குறைக்கவே கூடாது. வெளியே கூட்டிப்போகும் தடவையைத்தான் கூட்டணும்.

பயப்பட வேண்டியது எதற்கு?

சாப்பாட்டை ஒதுக்குவது, தொடர் வாந்தி, கண்ணும் ஈறும் மஞ்சளாவது, வயிறு உப்புவது - இவை கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள். ஈறு வெளுத்துப்போவது, காரணமில்லாமல் ரத்தம் கசிவது, காய்ச்சல் - இவை ரத்த அணுக்கள் குறைவதைக் காட்டலாம். இரண்டில் எது தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கணும். அதற்காகத்தான் ஆரம்பித்து 2 வாரம் கழித்தும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தப் பரிசோதனை. ரிப்போர்ட்டில் ஏ.எல்.பி. மட்டும் கூடியிருந்தால் பதற வேண்டாம். இந்த மாத்திரை சாப்பிடும் நாய்களுக்கு கல்லீரல் கெடாமலே அந்த எண் ஏறும்.

கூடவே பொட்டாசியம் புரோமைடு தந்தால் உப்பில் கவனம் தேவை. கருவாடு, சிப்ஸ் என்று திடீரென உப்பு கூடினால் மருந்து சிறுநீரில் வெளியேறி வலிப்பு திரும்பும். லெவெட்டிராசிட்டம் கல்லீரலுக்குப் பாதுகாப்பானது, ஆனால் சாதாரண மாத்திரையை 8 மணி நேரத்துக்கு ஒருமுறை தரணும். வீட்டில் யாருக்கோ வாங்கிய ஃபெனிடாயின் மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தருவது வீண். நாயின் உடம்பு அதைச் சில மணி நேரத்திலேயே வெளியேற்றிவிடும்.

திடீரென நிறுத்தினால்?

ஃபீனோபார்பிட்டாலுக்குப் பழகிய மூளைக்கு அது சட்டென்று கிடைக்காமல் போனால், முன்பு வந்ததைவிடக் கடுமையான வலிப்பு அடுத்தடுத்து வரும். முன்பு நிமிடக் கணக்கில் அடங்கிய நாய் அடங்காமல் போவது இப்படித்தான். ஊருக்குப் போகும்போது மாத்திரை தீர்ந்துபோவதும் இதே கதைதான். டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் கிடைக்காது என்பதால் ஒரு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் தரலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் டாக்டரிடம் போனில் கேளுங்கள். இரண்டு வேளை மாத்திரையைச் சேர்த்துத் தரக் கூடாது.

மாத்திரை தந்தும் எப்போதாவது வலிப்பு வந்தால் மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. மாதம் நான்கு முறை வந்தது ஒரு முறையாகக் குறைந்தாலே மருத்துவர்கள் நல்ல முன்னேற்றம் என்பார்கள். எனவே தேதி, நேரம், எத்தனை நிமிடம் என்பதை காலண்டரிலேயே குறித்து வைப்பது நல்லது. ஒன்று, இரண்டு வருடம் வலிப்பே வரவில்லை என்றால் நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம். அப்போதும் டாக்டர் சொல்லும் அளவில், மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.