குண்டின் முனையும் அடியும்

போர்களின் வரலாற்றில் படைத்தலைவர்களுக்கும் கோட்டைகளுக்கும் உடன்படிக்கைகளுக்கும் குறைவில்லை. துப்பாக்கியிலிருந்து புறப்படும் சிறு ஈயத் துண்டின் வடிவம் எவ்வாறு மாறி வந்தது என்பதோ ஆயுத வல்லுநர்களின் தனிப்பட்ட அக்கறையாகவே நின்றுவிடுகிறது. ஆயினும் அவ்வடிவத்தின் கதையில் கணிதமும் ஏகாதிபத்தியமும் சட்டமும் பின்னிக் கிடக்கின்றன. நம் கடலூருக்கும் அதில் ஓர் இடம் உண்டு.

கூரிய முனையுள்ள குண்டு குறி தவறாது, முனை மழுங்கினால் தவறும் என்றுதான் அம்பையும் வேலையும் அறிந்த நமக்குத் தோன்றும். இது பாதி உண்மை மட்டுமே. மீதிப் பாதி விளங்க நெடுங்காலம் பிடித்தது.

தேவனாம்பட்டினத்தில் மறைந்த கணிதர்

இங்கிலாந்தின் பாத் நகரில் 1707இல் பிறந்த பெஞ்சமின் ராபின்ஸ், குண்டுகளின் பாய்ச்சலை ஊகத்தின் பிடியிலிருந்து விடுவித்துச் சோதனைக்கு உட்படுத்தியவர். பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகளைப் பற்றி 1742இல் அவர் எழுதிய நூலை மாபெரும் கணித மேதை ஆய்லரே 1745இல் ஜெர்மானிய மொழியில் பெயர்த்து விளக்கவுரையும் சேர்த்தார்.

அந்நாளையக் குண்டு உருண்டையானது. அதற்கு முனையும் கிடையாது, அடியும் கிடையாது. குழலுக்குள் எப்பக்கம் உரசுகிறதோ அதற்கேற்பச் சுழன்றபடி வெளியேறி, காற்றில் தன் போக்கில் வளையும். இதை மெய்ப்பிக்க ராபின்ஸ் ஒரு குழலின் வாய்ப்பகுதியை வேண்டுமென்றே இடப்புறமாக வளைத்தார். குண்டு செல்லும் வழியில் மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டார். திரைகளில் விழுந்த துளைகள் இடப்புறம் இருந்தன. அவற்றுக்கு அப்பாலிருந்த சுவரிலோ அடி வலப்புறம் விழுந்தது. குண்டு நேர்வழியினின்று விலகக் காரணம் சுழற்சியே என்பது புலனாயிற்று.

அப்படியானால் அச்சுழற்சியையே நமக்கு உதவும்படி செய்தாலென்ன? குழலின் உட்சுவரில் திருகாணி மரைபோல் வரிப்பள்ளம் வெட்டினால், குண்டு தான் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு பம்பரம்போல் சுழலும். 1747இல் இது குறித்து எழுதிய ராபின்ஸ், உருண்டைக்குப் பதிலாக முட்டை வடிவக் குண்டையும் பரிந்துரைத்தார். இத்தகைய துப்பாக்கியின் இயல்பை முதலில் உணரும் நாடு மற்ற நாடுகளை விஞ்சும் என்றும் கணித்தார்.

1750இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக அவர் சோழமண்டலக் கரைக்கு வந்தார். மறு ஆண்டு ஜூலை 29ஆம் நாள், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார். அக்கோட்டையையும் 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கைப்பற்றி இடித்துவிட்டார்.

டம்டம்

ராபின்ஸின் கணிப்பு பலிக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று. வரிப்பள்ளத்தைப் பற்றும் அளவுக்கு இறுக்கமான குண்டைக் குழல்வாய் வழியே இடித்து இறக்குவது கடினம். 1849இல் பிரெஞ்சு அதிகாரி மினியே இதற்கு விடை கண்டார். அவருடைய குண்டு கூம்பு வடிவமானது, அடிப்பகுதி குழிவானது. எளிதாக உள்ளே இறங்கும். வெடிமருந்து எரிந்ததும் அடி விரிந்து வரிகளைப் பற்றிக்கொள்ளும். உலகம் கூம்பு முனையை வியந்தது. வேலையைச் செய்ததோ அடிப்பகுதி.

இவ்வகைக் குண்டுகளைக் கொண்ட என்ஃபீல்டு துப்பாக்கியின் கொழுப்புத் தடவிய தோட்டாக்களைப் பற்றிய செய்தி 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டமிலிருந்து பரவியதையும், பின் நிகழ்ந்தவற்றையும் நாம் அறிவோம்.

நாற்பது ஆண்டுகளுக்குள் டம்டமின் பெயர் மீண்டும் உலகெங்கும் அடிபட்டது. அதற்குள் புகையற்ற வெடிமருந்து வந்து, குண்டுகள் மெலிந்து, செப்பு-நிக்கல் உறையும் பூண்டிருந்தன. 1895இல் சித்ரால் படையெடுப்பின்போது, உறையிட்ட குண்டு பட்டும் எதிரிகள் வீழாமல் முன்னேறுகிறார்கள் என்ற முறையீடு எழுந்தது. டம்டம் ஆயுதச் சாலையின் கண்காணிப்பாளர் பெர்ட்டி-கிளே, முனையில் உறையைச் சற்றே நீக்கி ஈயத்தை வெளித்தெரிய விட்டார். உடலில் பட்டதும் அந்த ஈயம் மலர்ந்து விரியும். 1897-98 திரா போரில் எல்லைப்புற மக்கள்மீது அது பயன்பட்டது.

இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கலையும் குறிப்பிட வேண்டும். உறை ஏற்கெனவே அடிப்புறத்தில் திறந்திருந்தது. முனையையும் திறந்ததால் அது இருபுறமும் திறந்த குழாயாயிற்று. ஈயம் மட்டும் பாய்ந்து, உறை துப்பாக்கிக் குழலிலேயே தங்கிவிடும் அபாயம் உண்டாயிற்று.

1899இல் ஹேக் மாநாடு உடலில் விரியும் குண்டுகளைத் தடை செய்தது. பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்து வாக்களித்தன. பிரிட்டன் 1907இல்தான் இணங்கியது. தடையோ ஒப்பந்த நாடுகள் தமக்குள் நடத்தும் போருக்கு மட்டுமே உரியது. யாருடைய உடலில் அக்குண்டு சோதிக்கப்பட்டதோ, அவர்களுக்கு அச்சட்டத்தில் இடமில்லை.

கூர்முனையின் காலம்

பறக்கும் குண்டின் நிழலை 1880களில் மாக்கும் சால்ஷரும் ஒளிப்படமாக்கினர். முனைக்கு முன்னே வில்போல் வளைந்த அதிர்வலையும், அடிக்குப் பின்னே கொந்தளிக்கும் காற்றும் அதில் தெரிந்தன. ஒலியை விஞ்சும் வேகத்தில் மழுங்கிய முனை பெரும் தடை என்பது விளங்கியது. 1898இல் பிரான்சும் 1905இல் ஜெர்மனியும் கூர்முனைக் குண்டுக்கு மாறின. ஜெர்மானியக் குண்டின் எடை 14.7 கிராமிலிருந்து ஏறத்தாழ 10 கிராமாகக் குறைந்தது. நொடிக்குச் சுமார் 640 மீட்டராக இருந்த வேகம் 870ஐத் தாண்டியது.

1910இல் பிரிட்டன் ஏற்ற கூர்முனைக் குண்டில் உறை முழுமையாக மூடியிருந்தது. ஆனால் உள்ளே, முனைப்பகுதியில் ஈயத்துக்குப் பதில் இலேசான அலுமினியம் வைக்கப்பட்டது. எடை பின்புறம் கூடியதால் உடலுள் புகுந்ததும் குண்டு குப்புறப் புரளும். முனை விரியவில்லை, சட்டம் மீறப்படவில்லை. காயம் மட்டும் சிறிதாகவில்லை.

மருத்துவர் மானின் சோதனை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஃபிராங்க்ளின் மான் மருத்துவம் படித்தவர். கோழிகளுக்கு இரையாக எலும்பு வெட்டும் இயந்திரம் செய்து விற்றவர். துப்பாக்கி ஏன் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடிப்பதில்லை என்ற கேள்விக்குப் பல்லாண்டுகளைச் செலவிட்டார். மனிதக் கையின் நடுக்கத்தை விலக்க, குழலைச் சிமெண்டுக் கல் மேடைமீது கிடத்திச் சுட்டார். வழியெங்கும் காகிதத் திரைகளை நிறுத்தினார். ராபின்ஸ் கையாண்ட அதே உத்திதான்.

1909இல் வெளியான அவருடைய நூலின் முடிவுகளுள் முதன்மையானது இது: முனையைச் சிதைத்துச் சுட்டபோது குண்டுகள் பெரிதாக விலகவில்லை. அடியின் விளிம்பைச் சிறிதே சிதைத்தபோதோ தாறுமாறாகச் சிதறின.

காரணம் எளியது. குண்டு குழல்வாயை விட்டு நீங்கும் கணத்தில் பின்னால் நெருக்கும் வாயு, அதன் அடியைச் சுற்றிப் பீறிடுகிறது. அடி ஒழுங்காக இருந்தால் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வெளியேறும். ஓரம் ஒடிந்திருந்தால் அங்கே முந்திக்கொண்டு குண்டின் வாலை ஒருபுறம் தள்ளிவிடும். எடை நடுவச்சில் அமையாத குண்டும் அவ்வாறே. குழலுக்குள் கட்டுண்டு சுழன்ற அது, வெளியே வந்ததும் கவணிலிருந்து விடுபட்ட கல்போல் பக்கவாட்டில் விலகும். முனையிலுள்ள உலோகம் மிகக் குறைவு, அதுவும் அச்சை ஒட்டியே இருக்கிறது. ஆகவே அதன் குறை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

இதனால் முனைக்கு வேலையில்லை என்று கொள்ளலாகாது. ஆயிரம் கெஜத் தொலைவில் முனைகளின் சிறு வேறுபாடும் காற்றுத் தடையை மாற்றி அடியை மேலும் கீழுமாக்கும். குண்டு எவ்வளவு வேகத்தைத் தக்கவைக்கும் என்பதில் முனைக்குப் பங்குண்டு. எத்திசையில் புறப்படும் என்பது பெரிதும் அடியையும் சமநிலையையும் சார்ந்தது.

பந்தயத்தில் சுடுவோர் விரும்பும் பல குண்டுகளில் உறை, அடியை முழுதும் மூடி முனையில் வந்து முடிகிறது. முனையில் ஊசித்துளை ஒன்று எஞ்சும், அதன் விளிம்பும் அவ்வளவு சீராக இராது. இத்தகைய குண்டைப் போரில் பயன்படுத்துவது ஹேக் தடையை மீறுவதாகுமா என்ற ஐயம் எழுந்தது. அத்துளை விரிவதற்காக அன்று, செய்முறையின் விளைவே என்று அமெரிக்கப் படையின் சட்டப் பிரிவு 1990இல் கருத்துரைத்தது.

குறி தப்புவதற்கும் சரி, கொடுமைக்கும் சரி, காரணத்தை நாம் கண்ணில் படும் முனையிலேயே தேடியிருக்கிறோம். குறியைச் சிதறடித்தது யாரும் பார்க்காத அடி. 1910இன் குண்டில் கொடுமை, மூடிய உறைக்குள் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது.